வேனில் வந்த நோயாளிகள்

ஜனவரி 19, திங்கள்

எதிர் பிளாக்கே தெரியாத பனி. கீசர் மக்கர். அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளியல், பல் கிடுகிடு.

இன்று:
– கறுப்புக் கோட்டு, டிரை கிளீனரிடமிருந்து
– முட்டிக்குத் தைலம்
– இட்லி மாவு
– அங்கீகார வாரியம் அனுப்பிய படிவத்தை ஒரு தரமாவது முழுக்கப் படிப்பது

கடைசியைத் தவிர எல்லாம் ஆயிற்று. நாளையும் நாளை மறுநாளும் மேற்கு டில்லியில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். எம்.பி.பி.எஸ். முடித்த பிள்ளைகளுக்கு அங்கே குடும்ப மருத்துவத்தில் மூன்று வருஷச் சிறப்புப் பயிற்சி. அது தேறுமா, அங்கீகாரத்தைத் தொடரலாமா என்று இரண்டு பேர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருத்தி நான். இன்னொருவர் டாக்டர் மல்ஹோத்ரா, ஓய்வு பெற்ற மெடிசின் புரொபசர். போனில், "டாக்டர் சாஹிபா, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாருங்கள், அந்த ஆஸ்பத்திரி வராந்தா சிம்லா" என்றார் இந்தியில்.

மதியம் படிவத்தைப் புரட்டினேன். கேட்பவை: படுக்கைகள், பேராசிரியர்கள், நூலகம், தினசரி வெளிநோயாளிகள், புரொஜெக்டர் உண்டா. புரொஜெக்டர்! ஒரு தரம் பார்த்த நோயாளியையே இந்தப் பிள்ளைகள் மறுபடி பார்க்கிறார்களா என்று ஒரு வரி கிடையாது. குடும்ப டாக்டரின் தொழிலே அதுதான். ஏட்டுச் சுரைக்காய்.

ரா. சாப்பாட்டு மேஜையில் பட்டாணி உரித்துக்கொண்டே: "உன் காலத்துல இந்த ஃபாரம் இருந்திருந்தா உன் கிளினிக்க அன்னிக்கே இழுத்து மூடியிருப்பாங்க. ஒரு பெஞ்சு, ஒரு தராசு, ஒரு ஸ்கூட்டர் டிரைவர். அவ்வளவுதானே உன் ஆஸ்பத்திரி." கட்டின புருஷன் பேசுகிற பேச்சு. ஸ்கூட்டர் டிரைவர் அவர்தான்.

ஆர்.கே.புரம் செக்டர் மார்க்கெட்டில் மாடிப்படிக்குக் கீழே இருந்தது என் கிளினிக். பழைய சுங்குடிப் புடவையைக் கிழித்துத் திரை. சாயங்காலம் ரா. ஆபீஸிலிருந்து வந்ததும் வீட்டு விசிட்டுக்குக் கிளம்புவோம். அவர் கீழே ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், நான் மூச்சு வாங்க மாடி ஏறுவேன். சில வீடுகளில் எனக்கு முன்னால் அவருக்கு டீ கீழே போய்விடும். எந்த வீட்டு டீயில் இஞ்சி தூக்கல், எந்த வீட்டில் சர்க்கரை கஞ்சம் என்று இப்போதும் ஒப்பிப்பார். நோய் விவரம் எனக்கு, டீ விவரம் அவருக்கு.

சொந்தக்காரர்கள்தான் விடமாட்டார்கள். "வெறும் எம்.பி.பி.எஸ்.தானா? மேல படிக்கலியா?" நாற்பது வயதில் பரீட்சை எழுதிக் குடும்ப மருத்துவத்தில் பட்டம் வாங்கினேன். அதற்கும், "அது என்ன படிப்பு, ஜலதோஷத்துக்கா?" சிரித்துவிட்டு, சமையலறைக்குப் போய் அழுதேன். இப்போது அதற்கு மூன்று வருஷப் பயிற்சி, அதைச் சோதிக்க நான். காலம் எப்படி எப்படியோ போகிறது.

பட்டாணி புலாவ். ரா. உரித்ததில் பாதியை அவரே பச்சையாகத் தின்றுவிட்டார்.


ஜனவரி 20, செவ்வாய்

குடியரசு தினத்துக்காக எங்கே பார்த்தாலும் தடுப்பு, போலீஸ். டாக்ஸி சுற்றிச் சுற்றிப் போய் லேட். மல்ஹோத்ரா முன்னாலேயே வந்து, தட்டில் வைத்திருந்த முந்திரியில் பாதியைக் காலி செய்திருந்தார்.

ஆஸ்பத்திரி டைரக்டர் சின்ன வயசுக்காரர். கோட்டுப் பையில் முக்கோணக் கர்ச்சீப். பொக்கே, சால்வை, குரூப் போட்டோ. நான் சால்வையை மடித்துத் திருப்பிக் கொடுத்ததில் அவருக்கு வருத்தம்.

நூலகத்தில் எல்லாம் புதுப் புத்தகம். ஒன்றை எடுத்துத் திறந்தேன், பக்கங்கள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. மல்ஹோத்ரா முகர்ந்து பார்த்து, "இப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி" என்றார். சிரிப்பை அடக்கக் கோட்டுக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

பயிற்சியில் இருப்பவர்கள் மூன்று பேர், மூவருமே கடைசி வருஷம். இரண்டு பையன்கள், ஒரு பெண். அவள் தீபிகா. ஜனக்புரியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், அப்பா வங்கியில். "தமிழ் பேசுவேன் மேம். மத்லப், வீட்டுல பேசுற அளவுக்கு. படிக்க வராது."

மூவரையும் ஒரே கேள்வி கேட்டேன். இத்தனை நாளில் நீங்கள் விடாமல் தொடர்ந்து பார்த்த ஒரே ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள். முதல் பையன் ஏதோ அபூர்வக் காய்ச்சலைப் பற்றி மளமளவென்று பேசினான். அப்புறம் அவர் என்ன ஆனார்? தெரியாதாம், அதற்குள் இவனை வேறு வார்டில் போட்டுவிட்டார்களாம். இரண்டாவது பையனுக்குப் பாம்புக்கடி. அதுவும் அப்படியே.

அடுத்து தீபிகா. "அப்படி யாரும் இல்ல மேம். சர்ஜரி, கொழந்தைங்க வார்டு, எமர்ஜென்சி. எங்க ஆளு பத்தலயோ அங்க எங்கள போடுவாங்க. ஒரு பேஷண்ட ரெண்டாந்தரம் நா பாத்ததே இல்ல."

மல்ஹோத்ராவுக்காக அதையே இங்கிலீஷிலும் சொன்னாள். டைரக்டரின் சிரிப்பு அப்படியே நின்றது. "இவள் எப்போதும் விளையாட்டாகப் பேசுவாள்" என்றார். யாரும் விளையாடினதாக எனக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது டிரைவரை லக்ஷ்மிபாய் நகர் வழியாக விடச் சொன்னேன். நான் படித்த தமிழ்ப் பள்ளிக்கூடம். கேட் வாசலில் கஜக், அந்த எள்ளு மிட்டாய், விற்கிறவன் இன்னும் இருக்கிறான், வேறு ஆள்தான். அந்த நாளில் அப்பாவின் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்து டிஸ்பென்சரியில் ஒரு டாக்டர். நான் உள்ளே நுழையும் முன்பே, "என்ன, கணக்குப் பரீட்சையா?" என்று இந்தியில் கேட்பார். கணக்குப் பரீட்சை வந்தால் எனக்கு வயிறு வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். இப்படி ஒருவர் நம்மைத் தெரிந்துவைத்திருப்பது எவ்வளவு பெரிய சுகம். டாக்டராக வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அவரைப் பார்த்துத்தான்.

வண்டியை நிறுத்தாமல் வந்துவிட்டேன். கஜக் வாங்கியிருக்கலாம்.


ஜனவரி 21, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

வெளிநோயாளிப் பிரிவு. நேற்று எட்டிப் பார்த்தபோது ஈ ஓட்டிக்கொண்டிருந்த இடம். இன்று திருவிழாக் கூட்டம். பெஞ்சு கொள்ளாமல் தரையிலும் ஆட்கள், எல்லோரும் சால்வை போர்த்தி. டைரக்டர் கையை விரித்துக் காட்டினார், "தினமும் இப்படித்தான் மேடம்."

பெஞ்சிலிருந்து ஒரு குரல்:

"ஐயோ, டாக்டரம்மா! நீங்களா? இப்ப இங்கயா வேல பாக்குறீங்க?"

பச்சையம்மாள். விழுப்புரம் பக்கம். கல்யாணமான புதிதில் டில்லிக்கு வந்து, வீட்டு வேலை செய்தே பிள்ளைகளை ஆளாக்கியவள். என் கிளினிக்கின் முதல் நோயாளிகளில் ஒருத்தி. முடி முழுக்க வெளுத்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"பச்சையம்மா, நீ எங்க இங்க? உன் வீடு அந்தக் கோடியில இல்ல?"

"வேன் காடி வந்துச்சும்மா. எங்க ஜுக்கி குடிசைங்கள்லேருந்து ரொப்பிக்கிட்டு வந்தாங்க. சோறு போடுறாங்களாம், ஆளுக்கொரு போர்வையாம். யாரோ பெரிய டாக்டருங்க பாக்க வராங்களாம், கூட்டமா இருக்கணுமாம்." குரலைத் தாழ்த்தி, "எனக்கு வயித்து வலி. பக்கத்துல இருக்குற இவளுக்குத் தல சுத்தல். அப்டித்தான் சொல்லணும்னாங்க."

அந்தப் பெரிய டாக்டர் நான்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. என் பழைய நோயாளியையே பிடித்து எனக்குக் காட்சி வைத்திருக்கிறார்கள். டைரக்டருக்குத் தமிழ் தெரியாது. "பழைய பேஷண்டா மேடம்? வெரி நைஸ்" என்றார்.

அவள் முறை வந்தபோது நானும் அறைக்குள் போய் மூலை நாற்காலியில் உட்கார்ந்தேன். மருத்துவர் எப்படிப் பார்க்கிறார் என்று கவனிப்பதும் மதிப்பீட்டில் ஒரு பகுதி. உள்ளே தீபிகா, ஒரு நர்ஸ். பச்சையம்மாள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, சொல்லிக்கொடுத்த பாடத்தை இந்தியில் ஒப்பித்தாள். "பேட் மே தர்த்."

தீபிகா பெயரைக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

"அம்மா, வேன்ல வந்தவங்கதானே நீங்க? எனக்குத் தெரியும். வயித்து வலி இல்லன்னா பரவால்ல. வந்தது வந்துட்டீங்க. நெஜமா ஒடம்புல என்ன இருக்கு, அத சொல்லுங்க."

நர்ஸ் வெளியே ஓடினாள், டைரக்டரிடம் சொல்லத்தான். நர்ஸுக்குத் தமிழ் தெரிந்திருந்தது, பாவம், தீபிகாவின் போதாத காலம்.

பச்சையம்மாள் என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். குனிந்து காலுறையை உருவினாள். கால் வீங்கி, உறையின் விளிம்பு சதையில் பதிந்திருந்தது. பிரஷர் எகிறிக் கிடந்தது.

"மாத்திர எதாச்சும் போடுறீங்களா?"

"பிரஷர் மாத்திர போடுறேன்."

"எந்த டாக்டர் குடுத்தாங்க?"

"டாக்டரு இல்ல. மேம்சாப் குடுப்பாங்க. அவங்களுக்கும் பிரஷரு. அவங்க டப்பாலேருந்து ஒண்ணு எடுத்துக்குவேன். அவங்க ஊருக்குப் போயிட்டா இல்ல. தல கனத்துச்சுன்னா ரெண்டு." பிறகு என்னைக் கைகாட்டி, "முன்ன இவங்கதான் குடுத்தாங்க. இவங்க கிளினிக்க சாத்திட்டாங்க. அப்புறம் நமக்கு யாரு இருக்கா?"

குற்றம் சாட்டவில்லை. இன்று பனி அதிகம் என்று சொல்வது போலச் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கத்தியிருப்பார்கள். அடுத்தவர் மாத்திரையைத் தின்பாயா என்று. தீபிகா கத்தவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். எத்தனை வீட்டில் தரை துடைக்கிறீர்கள், உட்கார்ந்து துடைப்பதா, நின்றபடி மாப் போடுவதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா, மேம்சாப் மாத்திரை அட்டையை வாங்கி வர முடியுமா? பச்சையம்மாள் மகளிடம் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே போனாள். இதயம், நுரையீரல், வயிறு எல்லாம் பார்த்து, ரத்தமும் சிறுநீரும் எடுக்கச் சொல்லி எழுதினாள்.

"செவ்வாக்கெழம வாங்க. என்னையே பாக்கணும், வேற யாரையும் பாக்கக் கூடாது." சொன்னவள் நிறுத்தினாள். அன்று இவளை எந்த வார்டில் போடுவார்களோ. "தீபிகான்னு கேளுங்க. எங்க இருந்தாலும் வந்துடறேன்."

எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது தீபிகா வராந்தாவில் பின்னாலேயே வந்தாள். முகம் வெளிறி இருந்தது.

"தப்பு பண்ணிட்டேனா மேம்? அங்கீகாரம் போச்சுன்னா மூணு வருஷமும் கணக்குல வராது. கூட இருக்குற ரெண்டு பேரும் என்ன கொன்னுடுவாங்க. தோல் டாக்டர் சீட்டு கெடச்சுது மேம் எனக்கு. அத விட்டுட்டுதான் இங்க வந்தேன். அப்பா பேசறதையே நிறுத்திட்டாரு."

"ஏன் விட்ட?"

"தோல மட்டும் எப்டி மேம் பாத்துக்கிட்டு இருக்கறது? முழு ஆள பாக்கணும்னு தோணிச்சு."

மதிப்பீட்டாளர் எதுவும் சொல்லக் கூடாது என்பது விதி. சொல்லவில்லை. அவள் தோளைத் தொட்டுவிட்டு வந்தேன். அது விதியில் இல்லை.


ஜனவரி 22, வியாழன்

வெயில். பால்கனியில் நாற்காலி. முட்டி பரவாயில்லை.

மல்ஹோத்ராவுடன் போனில் சண்டை. வேன் விவரத்தை அவரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். "அரே பாய், எல்லா இடத்திலும் நடப்பதுதானே? எங்கள் கல்லூரியிலேயே இன்ஸ்பெக்‌ஷன் என்றால் ஒரு வார்டு நோயாளிகளை இன்னொரு வார்டுக்கு மாற்றிப் படுக்கவைப்போம். 'சரி' என்று டிக் போடுங்கள், பிள்ளைகள் பாஸாகிப் போகட்டும்." அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளை நினைத்துத்தான் சொல்கிறார்.

படிவத்தின் கடைசியில் இரண்டே கட்டங்கள். தொடரலாம். தொடரக் கூடாது. தொடரலாம் என்றால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டும். வரும் வருஷமும் வேன் வரும், புதுப் பிள்ளைகள் வந்து வார்டு வார்டாக அலைவார்கள், முதுகில் குடும்ப டாக்டர் என்று பெயர் ஒட்டி அனுப்புவார்கள். தொடரக் கூடாது என்றால், உண்மை பேசிய பெண் முதலில் தெருவில் நிற்பாள்.

கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. ரா. மேல் காட்டினேன். ரசத்தில் உப்பு இல்லை என்றார், அவ்வளவுதான்.


ஜனவரி 23, வெள்ளி

அணிவகுப்பு ஒத்திகை. தலைக்கு மேல் விமானங்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மதியத்துக்கு மேல் மலை மந்திர் வரை நடை. படி ஏறவில்லை, கீழிருந்தே கும்பிடு. முருகன் புரிந்துகொள்வான், அவனும் மலை ஏறினவன்தான்.

வரும் வழியில் செக்டர் மார்க்கெட். என் கிளினிக் இருந்த இடத்தில் மொபைல் உறை விற்கிறார்கள். மூடிய சமயம் நினைவுக்கு வந்தது. முட்டி ஒத்துழைக்கவில்லை, கடைச் சொந்தக்காரர் இடத்தை விற்றுவிட்டார். மூடுவதுகூட எனக்குப் பெரிதாக இல்லை. என் ஆட்களை யாரிடம் ஒப்படைப்பது என்று தேடினேன் பாருங்கள், அதுதான். ஸ்பெஷலிஸ்டுகள் இருந்தார்கள். இதயத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர். பச்சையம்மாளுக்கு என்று ஒருவர் இல்லை. கடைசி வாரம் ஒவ்வொருவரும் வந்து கொடுத்தார்கள்: லட்டு, ஸ்வெட்டர், ஒரு பஞ்சாபித் தாத்தா கறிவேப்பிலைச் செடி. மதராஸி டாக்டர் என்றால் கறிவேப்பிலை வேண்டுமே! கைகாட்ட எனக்கு ஓர் ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டேன். குறிப்பு என்று கொஞ்சம் இடம் இருக்கிறது, அதில் எழுதி, பற்றாமல் தனித்தாள்.

எழுதியது சுருக்கமாக:
– நோயாளிகள் வேனில் அழைத்துவரப்பட்டவர்கள். நானே பேசினேன்.
– பயிற்சி என்று ஒன்று இல்லை. ஆள் பற்றாத இடத்துக்கு ஆள் நிரப்பல்.
– புதுச் சேர்க்கை வேண்டாம்.
– இருக்கும் மூவரும் முடிக்கட்டும். வார்டிலிருந்து எடுத்து, ஒரே கிளினிக்கில் உட்காரவைத்து, ஆளுக்குச் சில குடும்பங்களைக் கடைசிவரை அவர்களே பார்க்க வேண்டும். அப்படிச் செய்தால் இந்த மூன்று வருஷத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ரா. படித்துவிட்டு, "ரெண்டு கட்டத்துக்கு நடுவுல நின்னுட்டியே" என்றார். நின்றேன்தான். இனிமேல் என்னை மதிப்பீட்டுக்குக் கூப்பிடமாட்டார்கள் என்றும் சொன்னார். கூப்பிடாவிட்டால் முட்டிக்கு நல்லது.


ஜனவரி 24, சனி

மறுபடி பனி.

மல்ஹோத்ரா கையெழுத்துப் போட வீட்டுக்கே வந்தார். ஃபில்டர் காபி என்றதும் கோபம் பாதி இறங்கிவிட்டது. தாளை இரண்டு தரம் படித்தார். "வாரியம் இதை ஏற்காது. நடுவில் கட்டம் இல்லை என்று மூடிவிட்டால் என்ன செய்வீர்கள்? அந்தப் பெண்ணின் மூன்று வருஷத்தை நீங்களா திருப்பிக் கொடுப்பீர்கள்?"

முடியாது என்றேன். அது எனக்குத் தெரியும் என்றேன். இரண்டு நாளாக வேறு எதையும் நினைக்கவில்லை என்றேன். குரல் உடைந்துவிட்டது, வெட்கமாகப் போயிற்று.

அவர் காபியைக் குடித்து முடித்தார். பிறகு சம்பந்தமில்லாமல், ராஜேந்திர நகரில் தன் சின்ன வயதில் ஒரு டாக்டர் இருந்ததைச் சொன்னார். அம்மா செத்துப்போன அன்று வந்து, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, போகாமல் சமையலறையில் நுழைந்து பிள்ளைகளுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாராம். "நாங்கள் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று வீட்டில் வேறு யாருக்கும் தோன்றவில்லை." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டார். ரா. உடனே ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டார், இவர் மனம் மாறுவதற்குள்.

சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து போன்.

"மேம், தீபிகா. ரிப்போர்ட் பத்தி கேக்க பண்ணல. ப்ளீஸ், அது பத்தி எதுவும் சொல்லிடாதீங்க. நம்பர் பச்சையம்மாதான் குடுத்தாங்க. அவங்க ரத்த ரிசல்ட் வந்துடுச்சு. கிட்னி கொஞ்சம் சரியில்ல. செவ்வாக்கெழம வரப்போ எப்டி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. நீங்கதானே அவங்கள அத்தன வருஷம் பாத்தீங்க? எனக்கு எல்லாம் சொல்லுங்க மேம்."

எல்லாம் சொன்னேன். முதலில் கொடுத்த மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாதவை. மாத்திரையை நிறத்தைவைத்துத்தான் அடையாளம் தெரியும், கம்பெனி மாற்றினால் குழம்பிவிடுவாள். கருவாடு விடமாட்டாள், விடு என்று சொல்லாதே, வாரத்தில் ஒரு நாள் என்று சொல். ஒன்றும் இல்லை என்றால் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். வேலையை நிறுத்தச் சொன்னால் அப்புறம் உன்னைப் பார்க்கவே வரமாட்டாள். புருஷன் கட்டட வேலையில் விழுந்து செத்தது ஜூன் மாதம், ஒவ்வொரு ஜூனிலும் அவளுக்குத் தூக்கம் போய்விடும், மாத்திரை கேட்பாள், கொடுக்காதே, பேசிக்கொண்டிரு.

அந்தப் பக்கம் பேனா ஓடுகிற சத்தம். நடுநடுவே, "ஒரு நிமிஷம் மேம்", "அச்சா", "அப்புறம்?"

என் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு வேலை இருக்குமோ இருக்காதோ, பட்டம் வருமோ வராதோ. கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ரா. உள்ளே எட்டிப் பார்த்து, தோசை ஆறுகிறது என்றார். போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"இருங்க. இன்னும் அவ மருமகளப் பத்தியே சொல்லல."